பழைய பெட்ரோலோடு நிற்கும் ஆர்எக்ஸ்-இசட்: உதைப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

செம்பவாங்_மருமகன்

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமாவின் யமஹா ஆர்எக்ஸ்-இசட் மோட்டார் சைக்கிள் போன தீபாவளிக்குப் பிறகு ஓடவே இல்லை. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தபின் அவரால் கிக்கரை உதைக்க முடியவில்லை. வண்டி அவருடைய தரைவீட்டு முற்றத்தில் உறை போட்டபடி நிற்கிறது. சாலை வரியைப் புதுப்பிக்கப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார்.

தொட்டியில் பாதிக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் வழக்கமான வாசனை இல்லை. பெயிண்டும் புளிப்பும் கலந்த நெடி அடிக்கிறது. நிறமும் பழுப்பேறியிருக்கிறது. கடைசியாக அவர் தென் தாய்லாந்தின் ஹாட்யாய் போய் வந்த பெட்ரோலாக இருக்கலாம் என்கிறார். "புது 98 ஆக்டேன் பெட்ரோல் ஊற்று, சோக்கை இழு, உதை, எல்லாம் சரியாகிவிடும்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் இதுவரை ஓட்டியதெல்லாம் ஃபோர்-ஸ்ட்ரோக். டூ-ஸ்ட்ரோக்கில் கை வைப்பதற்கு முன் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். மாமா இந்த வண்டியை வாங்கியபோது நான் பிறக்கவே இல்லை. அதைக் கெடுத்துவிட்டுப் போய் அவர் முன் நிற்க எனக்கு மனமில்லை.

உட்லண்ட்ஸ்_பயணி

அவ்வளவு பயப்பட வேண்டாம். கொரோனா காலத்தில் சிங்கப்பூர்-ஜொகூர் கடற்பாலம் மூடிக்கிடந்தபோது எத்தனையோ வண்டிகள் இப்படி நின்றன. 2022 ஏப்ரலில் எல்லை திறந்ததும் என் 150சிசி வண்டிக்குப் புது பெட்ரோல் நிரப்பினேன், ஸ்டார்ட் ஆனது, அந்த வாரமே ஜொகூர் போய் வந்தேன். பழையது கால் பங்கு, புதியது முக்கால் பங்கு என்றால் எஞ்சினுக்கு வித்தியாசமே தெரியாது.

பழைய_பட்டறை

தம்பி, தயவுசெய்து உதைக்காதீர்கள். இன்னும் உதைக்கவில்லை என்றால் பாதி ஆபத்தைத் தாண்டியாயிற்று.

காக்கி புக்கிட்டில் நெடுங்காலம் பட்டறை வைத்திருந்தேன். இப்படி நின்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் என்னிடம் இரண்டு விதமாக வரும். ஒன்று, ஸ்டார்ட் ஆகாமல் லாரியில் ஏற்றி வருவது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினால் பெரும்பாலும் மாலைக்குள் ஓடும். இன்னொன்று, ஸ்டார்ட் ஆகி, நன்றாக ஓடுகிறது என்று விரைவுச்சாலைக்கு எடுத்துப் போய், அங்கே பிஸ்டன் இறுகிப் பின் சக்கரம் பூட்டிக்கொண்ட வண்டி. அதற்குப் போரிங், பிஸ்டன், ரிங், சில நேரம் கிராங்க் வரை செலவு. அந்த இரண்டாவது வகைக்குத்தான் நான் பயப்படுவேன்.

காரணத்தைச் சொல்கிறேன். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் ஃபுளோட் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல்தான் நிற்கும். தொட்டியில் இருப்பதைவிட அது பல மடங்கு வேகமாகக் காய்ந்து பசையாகும். முதலில் அடைபடுவது பைலட் ஜெட், அதாவது வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓடுவதற்கு எரிபொருள் தரும் நுண்துளை. அது அடைந்தால் வண்டி சோக் போட்டால் மட்டும் ஓடும், சோக்கை எடுத்தால் நிற்கும். இதை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். வேகமாக ஓடும்போது எரிபொருள் தரும் மெயின் ஜெட்டில் மெல்லிய படலம் படிந்து துளை சற்றுக் குறுகியிருந்தால் அப்படித் தெரியாது. வண்டி துள்ளிக்கொண்டு ஓடும், சொல்லப்போனால் முன்பைவிடக் கூர்மையாகக்கூட இழுக்கும். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள். டூ-ஸ்ட்ரோக்கில் உள்ளே வரும் பெட்ரோல் எரிவதற்கு மட்டுமல்ல, பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங்க் கேஸ் அறை வழியாக வந்து பிஸ்டனைக் குளிர்விப்பதற்கும் சேர்த்துத்தான். அது குறைந்தால் பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டர் சுவரைக் கவ்வும். எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டும் வண்டி என்றால் பெட்ரோல் குறையும்போது எண்ணெயும் சேர்ந்தே குறையும், இன்னும் மோசம்.

உட்லண்ட்ஸ் நண்பர் சொன்னது ஃபோர்-ஸ்ட்ரோக் அனுபவம். அங்கே எஞ்சின் எண்ணெய் தனியே அடியில் இருக்கிறது, பெட்ரோல் எப்படி இருந்தாலும் பம்ப் அதைச் சுற்றிவிடும். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவர முடியாது.

ஜூரோங்_வேதியியல்

பட்டறை அண்ணன் சொன்னதற்கு வேதியியல் பக்கத்திலிருந்து சிறிது சேர்க்கிறேன். எரிபொருள் சோதனைக்கூட வேலையில் இருக்கிறேன்.

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. நிற்கும் பெட்ரோலுக்கு இரண்டு கேடுகள் நேர்கின்றன. முதலாவது, எளிதில் ஆவியாகும் இலகுவான பகுதி தொட்டி மூடியின் காற்றுத்துளை வழியாகவும் கார்புரேட்டர் வழியாகவும் வெளியேறிவிடுகிறது. குளிர்ந்த எஞ்சின் முதல் உதையில் பற்றிக்கொள்ள அந்தப் பகுதிதான் வேண்டும். இரண்டாவது ஆக்சிஜனேற்றம். கலவையில் இருக்கும் ஓலிஃபின்கள் காற்றோடு சேர்ந்து முதலில் பெராக்சைடுகளாகவும், பிறகு பிசினாகவும் மாறுகின்றன. அடுப்புக்குப் பின்னாலுள்ள சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, நாளடைவில் துடைத்தால் போகாத படலமாகிறதே, ஏறக்குறைய அதே வினைதான். நீங்கள் சொன்ன பெயிண்ட் நெடியும் பழுப்பு நிறமும் அதன் அடையாளம். ஆண்டு முழுவதும் பகலில் 31, 32 டிகிரி வெப்பம் இருக்கும் சிங்கப்பூரில் இந்த வினைக்கு ஓய்வே கிடையாது.

அதனால்தான் கலந்து ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். புதிய பெட்ரோல் சேர்த்தால் இலகுவான பகுதி திரும்பக் கிடைக்கும், வண்டி ஸ்டார்ட்டும் ஆகும். ஆனால் பிசின் எங்கும் போகாது, அதே தொட்டியில்தான் இருக்கும். பெராக்சைடுகள் எஞ்சினில் தட்டலையும், அதாவது கலவை தப்பான நேரத்தில் தானே வெடிப்பதையும், தூண்டும். 98 ஊற்றினாலும் இது தீராது. ஆக்டேன் எண் தட்டலைத் தாங்கும் திறனைக் குறிக்கிறது, பிசினைக் கரைக்கும் திறனை அல்ல.

உட்லண்ட்ஸ்_பயணி

அப்படியானால் கடைகளில் விற்கும் எரிபொருள் நிலைப்படுத்திகள் எதற்கு? அதில் ஒரு புட்டி ஊற்றினால் போதாதா?

ஜூரோங்_வேதியியல்

அவை புதிய பெட்ரோல் கெடுவதைத் தள்ளிப்போடுபவை. நிறுத்தி வைக்கும் நாளில் ஊற்றி, கார்புரேட்டர் வரை போய்ச் சேரும்படி சில நிமிடங்கள் எஞ்சினை ஓட்டினால் பயன் உண்டு. கெட்டதைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து எந்தப் புட்டியிலும் இல்லை.

இஷுன்_ஓட்டுநர்

ஹாட்யாய் என்றதும் எனக்கு எத்தனால் நினைவு வந்தது. தாய்லாந்தில் கேசோஹால் என்று விற்பதில் 10 விழுக்காடு எத்தனால் இருக்கும், சிலவற்றில் 20 விழுக்காடு. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும்; அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். என் ஹோண்டா என்எஸ்ஆரை அங்கே கொண்டுபோனால் ஊர் திரும்பியதும் தொட்டியை மாற்றிவிடுவேன்.

பழைய_பட்டறை

நல்ல கவனிப்பு, சகோதரி. ஆனால் ஹாட்யாயிலிருந்து சிங்கப்பூர் வர மலேசியாவை முழுக்கக் கடக்க வேண்டும். இந்த வண்டியின் தொட்டிக்கு வழியில் பல முறை நிரப்பியிருப்பார். 2010 முதல் வெளிநாட்டுப் பதிவு வண்டிகளுக்கு அங்கே 95 விற்கக்கூடாது என்பதால் பெரும்பாலும் 97-ஆக இருக்கும். எத்தனால் மிஞ்சியிருக்க வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதில் தவறில்லை. கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் பிடித்து அசையாமல் வையுங்கள், தண்ணீர் இருந்தால் அடியில் தனியே பிரிந்து நிற்கும்.

இனி வேலைக்கு வருவோம். வெட்டவெளியில் செய்யுங்கள். வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ வேண்டாம், அருகில் சிகரெட் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து தொலைவில் இருக்கும் நெருப்பைத் தேடிப் போகும். வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் இதைச் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும்.

பெட்ரோல் டேப்பை மூடுங்கள். குழாயைக் கழற்றி, டேப்பைத் திறந்து எரிபொருளுக்கென்று செய்த கலனில் இறக்குங்கள். குடிநீர்ப் புட்டியில் ஊற்றாதீர்கள், யாராவது குழந்தை எடுத்துவிடும். பிறகு ஃபுளோட் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி அதையும் வடியுங்கள். அங்கிருந்து வருவது தேன்போலக் கெட்டியாக இருந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ கார்புரேட்டரை இறக்கியே ஆகவேண்டும்.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். இது டூ-ஸ்ட்ரோக்கில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. டேப் திறந்திருந்து, கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஃபுளோட் ஊசியும் தேய்ந்திருந்தால் பெட்ரோல் துளித்துளியாக இறங்கிக் கிராங்க் கேஸில் தேங்கியிருக்கும். அப்படியே ஓங்கி உதைத்தால் திரவம் நசுங்காது, உலோகம்தான் வளையும். அந்தக் கெட்ட பெட்ரோல் கிராங்க் பேரிங்குகளிலும் துருவை உண்டாக்கும், ஏனென்றால் அங்கே அதற்கு வேறு எண்ணெய்க் குளியல் இல்லை. சாவியை அணைத்து வைத்து, பிளக் துளைக்கு மேல் துணி போட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். துணி நனைந்தால் உள்ளே தேங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சாவி போட்ட நிலையில் இதைச் செய்யவே கூடாது: ஒரு பொறி போதும் தீப்பிடிக்க, பிளக்குக்குப் பொறி தரும் மின்னணுப் பெட்டியான சிடிஐயும் பழுதாகலாம்.

செம்பவாங்_மருமகன்

மிக்க நன்றி ஐயா. இன்று காலை நீங்கள் சொன்னபடியே செய்தேன். துணி நனையவில்லை. டேப் மூடித்தான் இருந்திருக்கிறது, மாமாவின் பழக்கம். கிண்ணத் திருகிலிருந்து இரண்டு மூன்று சொட்டுதான் வந்தது, ஆரஞ்சு நிறப் பசை. தொட்டிக்குள் கைவிளக்கு அடித்துப் பார்த்தால் அடித் தையல் ஓரம் செம்மண் நிறத் துரு. அத்தை, "விளக்குத் தேய்க்கிற மாதிரி புளி கரைத்து ஊற்று" என்கிறார். செய்யலாமா? இறக்கிய பெட்ரோலை எங்கே கொட்டுவது என்றும் சொல்லுங்கள்.

ஜூரோங்_வேதியியல்

முதலில் இரண்டாவது கேள்வி. வடிகாலில் கொட்டாதீர்கள். சிங்கப்பூரின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. உங்கள் வீட்டோர மழைநீர் வடிகால் போய்ச் சேருவது நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்தில். கழிவறையிலும் கூடாது, கழிவுநீர்க் குழாய்க்குள் ஆவி தேங்கினால் வெடிக்கும். உரிமம் பெற்ற கழிவு எண்ணெய்ச் சேகரிப்பாளர்களோடு தொடர்புள்ள பட்டறையில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கொடுங்கள். "கெட்ட பெட்ரோல்" என்று சொல்லியே கொடுங்கள். எஞ்சின் எண்ணெய்ப் பீப்பாயில் பெட்ரோல் தெரியாமல் கலந்துவிட்டால் அந்தப் பீப்பாயே எளிதில் தீப்பற்றக்கூடியதாகிவிடும்.

அத்தையின் யோசனையில் வேதியியல் சரியாகவே இருக்கிறது, புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும். ஆனால் புளியின் நாரும் சக்கையும் தொட்டிக்குள் போனால் பிறகு ஜெட்டில் வந்து நிற்கும். பேக்கரிப் பொருள் கடையில் சிட்ரிக் அமிலத் தூள் கிடைக்கும். வெதுவெதுப்பான நீரில் கரைத்து நிரப்பி ஒரு இரவு விடுங்கள். அதற்கு முன் டேப்பைக் கழற்றி அந்தத் துளையை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் டேப்பின் ரப்பரும் உலோகமும் கெடும். வெளிப் பெயிண்டில் சிந்தினால் உடனே கழுவுங்கள்.

அமிலத்தைக் கொட்டியபின் ஆப்பச்சோடா கரைத்த நீரில் அலசுங்கள். அதன்பிறகு தாமதிக்கவே கூடாது. இந்த ஈரப்பதத்தில் அமிலம் பட்ட வெற்று இரும்பு கண்ணெதிரே மீண்டும் சிவக்கும். முடி உலர்த்தும் கருவியால் சூடான காற்றை அடித்து, காய்ந்த உடனே டூ-டி எண்ணெய் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய்) கொஞ்சம் ஊற்றித் தொட்டியை எல்லாப் பக்கமும் உருட்டிவிடுங்கள். காற்றை அடிப்பதற்கு முன் உள்ளே பெட்ரோல் ஆவி துளியும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அமிலமும் நீருமாகப் பல முறை அலசிய தொட்டியில்தான் இந்த வேலை.

உட்லண்ட்ஸ்_பயணி

நீங்கள் எல்லோரும் சொல்வதைப் பார்த்தால் என் பக்கத்து புளோக்கில் நிற்கும் யமஹா டிஇசட்எம் (அதுவும் டூ-ஸ்ட்ரோக்) வைத்திருப்பவரிடமும் சொல்ல வேண்டும். அவர் வாரம் ஒரு முறை இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்திவிடுகிறார். அது போதுமா?

இஷுன்_ஓட்டுநர்

எனக்கு அது பிடிக்காது. இரண்டு நிமிடத்தில் எஞ்சின் சூடாகாது. சைலென்சருக்குள் ஈரம் தங்கும், பிளக்கில் எண்ணெய் படியும். ஓட்டினால் முழுதாகச் சூடேறும் வரை ஓட்ட வேண்டும். முடியாவிட்டால் டேப்பை மூடிக் கிண்ணத்தை வடித்துவிட்டுத் தொடாமல் விட வேண்டும். இரும்புத் தொட்டி என்றால் கழுத்து வரை நிரப்பி நிறுத்துவது நல்லது. காற்றுக்கு இடம் குறைந்தால் துருவும் குறையும்.

பழைய_பட்டறை

சரியாகச் சொன்னீர்கள்.

தம்பிக்குக் கார்புரேட்டர். கழற்றும் முன் காற்றுத் திருகை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். அடியில் போய் முட்டும்போது அழுத்தக்கூடாது. ஜெட்டுகளைப் பொருந்தும் அளவுத் திருப்புளியால்தான் கழற்ற வேண்டும், பித்தளை எளிதில் சிதையும். துளைக்குள் ஊசியோ எஃகுக் கம்பியோ விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கூடத் துளையின் அளவை மாற்றிவிடும். கார்புரேட்டர் கழுவும் ஸ்ப்ரேயில் ஊறவைத்து, அழுத்தக் காற்று அடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வட்டம் வட்டமாகவே தெரிய வேண்டும். பைலட் ஜெட் விடாப்பிடியாக இருந்தால் புதிதாக வாங்கிவிடுங்கள், அதில் கருமித்தனம் வேண்டாம். உடலுக்குள் இருக்கும் வழித்தடங்களையும் மறக்காதீர்கள். பலர் ஜெட்டைப் பளபளப்பாக்கிவிட்டு வழியை அடைத்தபடியே பூட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது எண்ணெய். ஆர்எக்ஸ்-இசட்டில் ஆட்டோலூப். யமஹா இந்த முறையை 1964-இல் ஒய்ஏ-6 வண்டியில் கொண்டுவந்தது. தனித் தொட்டியிலிருந்து பம்ப் எண்ணெயைத் தானே செலுத்தும். நெடுநாள் நின்ற வண்டியில் அந்த மெல்லிய குழாயில் காற்றுக்குமிழி புகுந்திருக்கலாம். குமிழி நகரும் வரை எஞ்சினுக்கு எண்ணெய் இல்லை. பம்பில் இருக்கும் திருகைத் தளர்த்திக் குமிழி போகும் வரை எண்ணெயை வழியவிடுங்கள். அதோடு, முதல் 5 லிட்டர் பெட்ரோலில் 100 மில்லி டூ-டி எண்ணெய் கலந்து ஊற்றுங்கள். அதாவது 50:1. புகை அதிகமாக வரும், வரட்டும். பம்ப் ஒழுங்காக வேலை செய்கிறது என்று தெரியும்வரை அது காப்பு.

ஒன்றை மட்டும் கூடுதலாகச் செய்யாதீர்கள். பயத்தில் எண்ணெயை அள்ளி ஊற்றினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, ஜெட் வழியே போகும் கலவை மீண்டும் காற்று மிகுந்ததாகிவிடும்.

செம்பவாங்_மருமகன்

தொட்டி சுத்தமாகிவிட்டது, பெட்ரோல் குழாயைப் புதிதாக மாற்றினேன். பழையது கையில் உடைந்தே போயிற்று. மெயின் ஜெட்டில் வட்டத்தின் ஒரு பக்கம் பிறைபோல மூடியிருந்தது. பைலட் ஜெட் முழு அடைப்பு, புதிதாக வாங்கினேன். நேற்று மாலை உதைத்தேன், ஸ்டார்ட் ஆனது. மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆக்சிலேட்டரை விட்டபின் சத்தம் இறங்கத் தாமதிக்கிறது, எங்கேயோ காற்று இழுக்கிறது" என்று அவரே சொன்னார்.

பழைய_பட்டறை

உங்கள் மாமாவின் காதுக்கு என் வணக்கம். அப்படியே நிறுத்துங்கள், சாலைக்கு எடுக்காதீர்கள். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பரை வளைத்து வெடிப்பைத் தேடுங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த இணைப்பில் சோப்பு நீரைத் தெளியுங்கள். சத்தம் மாறினால் அதுதான் இடம். அங்கே ஒன்றும் இல்லையென்றால் காந்தப் பக்கத்துக் கிராங்க் சீல், அதாவது கிராங்க் கேஸுக்குள் காற்று புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம். நின்ற வண்டியில் அந்த ரப்பர் இறுகிவிடுவது வழக்கம். அதைப் பட்டறையில் கொடுத்துக் காற்றழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ்_பயணி

ஒரு கேள்வி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு சாலையில் ஓட முடியாது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் எப்போதோ அறிவித்துவிட்டது. 2023 ஏப்ரல் 6 முதல் புகை வரம்பையும் இறுக்கியிருக்கிறார்கள். இதற்கு இவ்வளவு செலவா?

செம்பவாங்_மருமகன்

தெரியும் அண்ணா. மாமாவுக்கும் தெரியும். கெடுவை நாங்கள் மறுக்கவில்லை. அதுவரை அது நன்றாக ஓட வேண்டும் என்றுதான் விரும்புகிறோம். வெடிப்பு கார்புரேட்டர் ரப்பரில்தான் இருந்தது. மாற்றியதும் சத்தம் உடனே இறங்குகிறது. இனிப் பரிசோதனை. கலந்த எண்ணெயோடு போகலாமா?

பழைய_பட்டறை

போகாதீர்கள். அங்கே கார்பன் மோனாக்சைடோடு எரியாத ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள், டூ-ஸ்ட்ரோக் இயல்பாகவே அதில் திணறும். எண்ணெய்த் தொட்டியின் மட்டம் இறங்குவதைக் கண்ணால் பார்த்தபின், கலந்ததை ஓட்டித் தீர்த்துவிட்டு வெறும் 95 ஊற்றுங்கள். காற்றுச் சல்லடையைக் கழுவுங்கள். பிளக்கைப் புதிதாகப் போட்டு, பேட்டைத் தெருக்களில் சூடேறும் வரை ஓட்டிப் பிறகு கழற்றிப் பாருங்கள். பழுப்பு என்றால் நல்லது. வெளுத்திருந்தால் இன்னும் எங்கோ காற்று மிகுகிறது, திரும்பி இங்கே எழுதுங்கள். முதல் முறை விரைவுச்சாலையில் போகும்போது இடக்கையின் இரண்டு விரல் கிளட்ச்சின் மேலேயே இருக்கட்டும். எஞ்சின் ஒலி திடீரென்று மந்தமானால் யோசிக்காமல் கிளட்ச்சைப் பிடித்து ஓரம் கட்டுங்கள்.